முதல் மீன் மாட்டிய தண்ணீர்: தாமிரபரணிக் கரையில் ஒரு சுற்று

ஜனவரி 17, வெள்ளி. கல்லிடைக்குறிச்சி

யாருக்கு முதல் மீன் எங்கே மாட்டியது என்று பொங்கல் லீவில் கிளம்பிய பேச்சு இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்கவில்லை. சித்தப்பாவுக்குக் கல்லிடைக்குறிச்சி, கன்னடியன் கால்வாய். அத்தானுக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. எனக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு குளம், அம்மா பிறந்த ஊர். சித்தப்பாவின் மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரில் ஏழாவது படிக்கிறான், அவனும் மீன் பிடித்திருக்கிறானாம். எங்கே என்று கேட்டால், மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் ஒரு பண்ணைக் குட்டையில். பிடித்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டுமாம். "அதெல்லாம் மீன்புடியாடே?" என்று சித்தப்பா சிரித்ததில் பையன் முகம் சுருங்கிவிட்டது. அவனைச் சமாதானப்படுத்தவோ, இல்லை வெறும் வீம்போ, "நாளைக்கே கெளம்புதோம், ஒவ்வொரு எடமாக் காட்டுதேன்" என்று அறிவித்துவிட்டார். அவர் அறிவித்தால் அறிவித்ததுதான்.

அத்தானின் பழைய ஆம்னி வேனில் நாலு பேர். பாளையங்கோட்டையிலிருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் போகிற சாலை. இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கிறது, நடுநடுவே வாழை. பத்தமடையில் கோரைப்பாய்க் கடையைப் பார்த்ததும் பையன் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டான், சித்தப்பா விடவில்லை. வெயில் ஏறினால் மீன் கொத்தாதாம்.

வழியில் ஒரு கடையில் மூங்கில் கம்பு 80 ரூபாய், தங்கூசி நரம்பு ஒரு சுற்று 30, முள் ஒரு பொட்டலம் 20. பையன் கையில் ஏற்கெனவே ரீல் வைத்த கம்பும், ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் மீனும் பிளாஸ்டிக் தவளையும். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டதும் சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் காலத்தில் குண்டூசியை வளைத்தால் முள், தையல் நூலை முறுக்கினால் நரம்பு, சோளத்தட்டையின் சக்கையைக் கிள்ளிச் செருகினால் தக்கை. மண்புழு மட்டும் இன்றைக்கும் அதேதான். ஒரு வாழைத்தோட்டத்துக்காரரிடம் கேட்டு, வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணைக் கிளறிச் சிரட்டையில் எடுத்துக்கொண்டோம். "எடுங்க, ஆனா கன்னுப் பக்கம் தோண்டிராதீய" என்றார், அவ்வளவுதான்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் காலத்துக்கு முந்தியவை. அதில் ஒன்றிலிருந்து பிரிவது இந்தக் கன்னடியன் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி கையில் கிடைத்த செல்வத்தையெல்லாம் செலவழித்து வெட்டியதாகக் கதை. ஒரு பசுவை முன்னால் நடக்கவிட்டு அது போன வழியே கால்வாய், அது நின்று மூத்திரம் பெய்த இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். பொறியாளர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் பள்ளம் பார்த்து இறங்குவதில் மாட்டை மிஞ்சிய ஆள் கிடையாது என்பதால் எனக்கு இந்தக் கதைமேல் ஒரு மரியாதை உண்டு.

சித்தப்பாவின் படித்துறை அப்படியே இருக்கிறது. கல்படி, நடுவில் தேய்ந்த குழி, மேலே ஒரு அரசமரம். மேல் படியில் அக்ரகாரத்துப் பெரியவர்கள் குளிப்பார்களாம், அங்கே தூண்டில் போட்டால் விரட்டுவார்கள். அதனால் இவர் கூட்டம் கொஞ்சம் கீழே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். சோப்பு நுரைக்கும் சோற்றுப் பருக்கைக்கும் கெண்டை கூட்டமாக வருமாம். "இந்தக் கல்லுலதாம்ல ஒக்காந்திருந்தேன். எட்டு வயசு. தக்கை ஒரு முங்கு முங்குச்சு பாரு, கம்பு கையவிட்டுப் போயிருச்சு. தண்ணிக்குள்ள குதிச்சுப் புடிச்சேன், கெண்டை, உள்ளங்கை அகலம்." இந்தக் கதையை எனக்குத் தெரிந்து முப்பது வருஷமாகச் சொல்கிறார், உள்ளங்கை மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

தண்ணீர் நல்ல வேகம். தக்கை நிற்கவே இல்லை, போட்டுப் பத்து எண்ணுவதற்குள் கயிறு இழுபட்டுக் கரைக்கு வந்துவிடுகிறது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் குளிக்க வந்தவர், குளியலை மறந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தீர்ப்பு சொன்னார். "ஈயம் கூட்டிப் போடுங்க சார்." கூட்டினோம். "இப்ப கூடிப்போச்சு." மதியம்வரை கிடைத்தது ஒரு ஷாம்பு பாக்கெட்டும் கொஞ்சம் பாசியும்.

அம்பாசமுத்திரத்தில் சாப்பாடு. 110 ரூபாய்க்கு இலை, சாம்பார், ரசம், அவியல், கூடவே கேட்காமலே இரண்டாவது அப்பளம். பரிமாறியவர் பையனிடம் "தம்பி, மோரு ஊத்திக்கோ, வெயில்ல அலையுதீய" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு ஊற்றாமல் போய்விட்டார்.

ஜனவரி 18, சனி. பாபநாசம், மணிமுத்தாறு

காலையில் தூறல். விடுதி அறையில் ஒரு வாளிக்குத்தான் வெந்நீர், இரண்டு பேர் பச்சைத் தண்ணீரில் குளித்தோம், அத்தான் குளிக்கவில்லை.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்கள் ஆளை மதிப்பதில்லை. பொரி பாக்கெட் 20 ரூபாய். ஒரு பிடி போட்டால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வருகின்றன, சிலது என் முழங்கை நீளம், வாயைத் திறந்துகொண்டு ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுகின்றன. பையன் கம்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்ததற்கு அழாத குறை. "தாத்தா, இங்க ஏன் யாரும் புடிக்கல?" "சாமி மீனுடே." "சாமி சாப்பிடுவாரா?" சித்தப்பா பதில் சொல்லாமல் இன்னொரு பாக்கெட் பொரி வாங்கினார். கோயில் வாசலில் இருப்பதால் மட்டுமே இந்த மீன்களுக்கு இவ்வளவு வயது. பக்தி இல்லாதவர்கள்கூட இந்தக் கட்டுப்பாட்டை மீறுவதில்லை. மீன்துறைச் சட்டத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

கொஞ்சம் கீழே போனால் வேறு காட்சி. பரிகாரம் என்று சொல்லி உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறது. எத்தனை தடவை வாரி எடுத்தாலும் அடுத்த அமாவாசைக்குள் நிறைந்துவிடுகிறது. விக்கிரமசிங்கபுரம் தாண்டி ஒரு திருப்பத்தில் இறங்கித் தூண்டில் போட்டோம். அத்தானின் கம்பு வில்லாக வளைந்தது. "விடாதீங்க அத்தான், விடாதீங்க!" என்று நான் கத்த, அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இழுத்து, பின்வாங்கி, மறுபடி இழுத்து, கடைசியில் கரைக்கு வந்தது எட்டு முழ வேட்டி. ஜரிகை போட்டது. இரண்டாவது வீச்சில் ஒரு சேலை. பையன் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. யாரோ விட்டுப்போன பாவத்தைக் கரைக்கு இழுத்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அதைத் திரும்ப ஆற்றில் போடுவதா, கரையில் விடுவதா என்று ஒரு வாக்குவாதம். கரையில் விட்டோம்.

மதியம் மணிமுத்தாறு. காமராசர் ஆட்சியில் 1958-இல் முடிந்த அணை, 118 அடி. மேலே அருவிக்குப் போகிற பாதை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடிய வனக்காவலருக்குக் கிடைத்தது சிரட்டை நிறைய மண்புழு. முகம் சுளிக்காமல், "இத வச்சு உள்ள என்ன பண்ணப் போறீய?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணப் போவதில்லை என்று சத்தியம் பண்ணி, கம்பு, சிரட்டை, பெட்டி எல்லாவற்றையும் சாவடித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது எல்லாம் வெயில் படாமல் நிழலுக்கு நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன, சிரட்டைக்கு மேல் ஒரு தேக்கிலை. புழு செத்துவிடக் கூடாதென்று யோசித்த அந்த மனுஷரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் ஆள் மாறிவிட்டது.

அருவியில் நல்ல கூட்டம், குளிர், வேறொன்றும் சொல்வதற்கில்லை. அணைக்குக் கீழே ஒரு தள்ளுவண்டியில் வறுத்த மீன் துண்டு 60 ரூபாய். அணை மீனா என்று கேட்டேன். "மீன் மீன்தான் அண்ணாச்சி" என்றார். நியாயம்.

ராத்திரி திருநெல்வேலி திரும்புகிற வழியில் வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட, சிரட்டை கவிழ்ந்து புழுவெல்லாம் பின் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் பொறுக்கினோம். எல்லாம் கிடைத்துவிட்டதாக அத்தான் சொல்கிறார்.

ஜனவரி 19, ஞாயிறு. நாங்குநேரிப் பக்கம் ஒரு குளம், கூந்தன்குளம்

இன்றைக்கு என் முறை. ஊர்ப் பெயர் வேண்டாம், குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குச் சங்கடம்.

ஆற்றங்கரைக்காரர்களுக்குக் குளத்தில் மீன் பிடிக்கிறவர்கள்மேல் ஒரு இளக்காரம் உண்டு, சித்தப்பா வழியெல்லாம் அதைக் காட்டிக்கொண்டே வந்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர் என்பதே. மறுகால் விழுகிற இடத்தில் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு நிற்போம். தண்ணீர் கீழே ஓட, மீன் எதிர்த்து மேலே ஏறும். பனையேறிக் கெண்டை ஈரக் கல்லில் செவுளை ஊன்றி ஊன்றித் தவழும், அதைக் கையால் எடுத்துப் பானையில் போடுவதுதான். அது வருஷத்தில் நாலைந்து நாள். மற்ற நாளெல்லாம் மடைக்குப் பக்கத்தில் தூண்டில், மாட்டுவதெல்லாம் ஜிலேபிக் கெண்டை.

என் குழந்தைப் பருவம் முழுக்க ஜிலேபிதான். மாமா ஒருதடவை பெரிய பெட்டை மீனை முள்ளிலிருந்து கழற்றும்போது அதன் வாய்க்குள்ளிருந்து குஞ்சு குஞ்சாகக் கொட்டியது, நான் பயந்து ஓடினேன். அது முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற சாதி என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் குளத்து மீன், நம்ம ஊர் மீன் என்றெல்லாம் இதைப் பற்றி நான் வண்டியில் உருகிக்கொண்டிருந்தபோது சித்தப்பா குறுக்கே விழுந்தார். "ஜிலேபி எப்பல நம்ம மீனு? எங்க சின்ன வயசுல அது கெடையவே கெடையாது. பொறவு வந்து குளத்தையெல்லாம் நெறச்சு, இருந்த கெண்டையத் தின்னு தீத்துச்சு." அவர் சொன்னது சரிதான். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன் இது, 1952-இல் இலங்கையிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். ஏழைகளுக்கு மலிவான புரதம் என்பது யோசனை. விட்ட இடமெல்லாம் பெருகி, பெருத்த கூட்டத்தில் வளராமல் குட்டையாகிப்போனது. ஆக, நான் ஏங்குகிற குளம் சித்தப்பா கணக்கில் ஏற்கெனவே கெட்டுப்போன குளம். அவர் ஏங்குகிற கால்வாயைப் பற்றி அவருடைய தாத்தா என்ன சொல்லியிருப்பாரோ. அணை கட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்திருப்பார்.

கரையில் பனைமரம் பாதிதான் இருக்கிறது. மடை புதுசு, சிமெண்ட். தண்ணீர் நிறைய, நான் பார்த்த வருஷங்களில் இவ்வளவு பார்த்ததில்லை. தூண்டிலைப் போட்டு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, பைக்கில் ஒருவர் வந்து நின்றார்.

"யாரு நீங்க? கொளம் குத்தகைக்கு எடுத்திருக்கு, தெரியும்லா?"

நான் மாமா பெயரைச் சொன்னேன், தாத்தா பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். தெரியும் என்றார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. "ஆளுக்கு 50 ரூவா, சாயங்காலம்வரை ஒக்காந்துக்கலாம். புடிச்சதை எடை போட்டு எடுத்துக்கிடுங்க, ஜிலேபி கிலோ 130, விரால் 600. விரால் மாட்டுனா எனக்குச் சொல்லிரணும்." எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கரையில் நான் மீன் பிடிக்கக் காசா? சித்தப்பா அதைவிடக் கொதித்தார். பையனுக்கு மட்டும் எதுவுமே வித்தியாசமாகத் தெரியவில்லை. "தாத்தா, பெங்களூர்ல ஒரு மணி நேரத்துக்கே முந்நூறு. இது சீப்" என்றான். 200 ரூபாய் கொடுத்தோம்.

குத்தகைக்காரர் கோபக்காரர் இல்லை, கணக்குக்காரர். குஞ்சு விட்ட செலவு, காவலுக்கு ஆள், நீர்க்காகமும் கூழைக்கடாவும் தின்றது போக மிச்சம் என்று எல்லாவற்றையும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னார். இப்போது ஜிலேபி தானாக வருவதுதான், அவர் விடுவது கட்லாவும் ரோகும். அதுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன். போன வருஷம் யாரோ ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், வளர்க்கத் தடை இருக்கிற மீன், அது எல்லாவற்றையும் தின்கிறது என்று புலம்பினார். எங்கள் சிரட்டையைப் பார்த்துவிட்டு, "புழு எதுக்கு, மைதாவ உருட்டிப் போடுங்க" என்று அவர் வீட்டிலிருந்தே ஒரு உருண்டை வரவழைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மைதாவுக்கு உடனே கொத்தியது. பையன் கம்பில்தான். ரீலை விட்டுவிட்டு, சித்தப்பாவின் மூங்கில் கம்பை வாங்கி வைத்திருந்தான். தக்கை படுத்தது, எழுந்தது, ஒரே முங்கு. சுண்டினான். ஒரு ஜிலேபி, கால் கிலோ இருக்கும், நல்ல கருப்பு, முதுகு முள்ளை விரித்துக்கொண்டு துள்ளியது. பையன் அதை இரண்டு கையாலும் பிடித்து, முள்ளைப் பதமாகக் கழற்றி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டான்.

"ஏடே! என்னடே பண்ணுத?" என்று மூன்று குரல்கள். அதில் சத்தமான குரல் குத்தகைக்காரருடையது. அவருக்கு அதில் முப்பது ரூபாய்க்கு மேல் போச்சு. ஆனால் மீன் அவர் குளத்துக்குத்தான் திரும்பியிருக்கிறது என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. உறைத்ததும், "தம்பி, நீ தெனமும் வா" என்றார்.

மொத்தம் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூட. கரையிலேயே சுள்ளி பொறுக்கிச் சுட்டோம், உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும். கொஞ்சம் சேற்று வாடை. சின்ன வயசிலும் இருந்திருக்கும், அப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை.

திரும்பும்போது கூந்தன்குளம். தெருவில் வீட்டு வாசல் மரங்களில்கூட நாரைக் கூடு. இங்கே தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள், பறவை பயந்துவிடும் என்று. 1994-இல் அரசு சரணாலயம் என்று அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அப்படித்தான். மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, மீன் பட்டதும் மூடுகின்றன. பார்க்கவே வேண்டியதில்லை, பட்டால் போதும். குத்தகைக்காரர் சொன்ன கணக்கு எனக்கு இங்கேதான் புரிந்தது, இத்தனை ஆயிரம் வாய். தொலைவில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக நின்றன, இமயமலையைத் தாண்டி வந்தவை. ஒரு பாட்டி வாசலில் வெள்ளையாக எச்சம் விழுந்திருந்த கல்லைக் கழுவிக்கொண்டே, "பொம்பளப் புள்ள பேறுகாலத்துக்கு வந்த மாதிரில்லா, வெரட்ட முடியுமா" என்றார்.

ஜனவரி 20, திங்கள். ஸ்ரீவைகுண்டம்

உடம்பெல்லாம் வலி. வண்டிக்குள் ஒரு நாற்றம், பின் சீட்டிலிருந்துதான் வருகிறது. அத்தான் எல்லாப் புழுவும் கிடைத்ததாகச் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றிப் பேசினால் இங்கே யாரும் 2023 டிசம்பரைத் தாண்டிப் போக மாட்டார்கள். 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் இங்கே ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. டீக்கடைக்காரர் எங்களுக்கு டீ ஆற்றுகிற நேரத்துக்குள் தண்ணீர் வந்த உயரத்தைச் சுவரில் கையை வைத்துக் காட்டினார், அவர் தலைக்கு மேலே. டீ 12 ரூபாய், முட்டைகோஸ் வைத்த வடை 8.

அத்தானுடைய இடம் அணைக்கட்டுக்குக் கீழே. மதகு அடைத்து ஆறு வற்றும் காலத்தில் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தங்கும், அதில் விரால். சின்னத் தவளையை முதுகில் முள் மாட்டித் தண்ணீர்மேல் தத்தவிடுவாராம். கூழாங்கல் சத்தத்துக்கெல்லாம் விரால் போய்விடும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாராம். விரால் குஞ்சு செக்கச்செவேல் என்று பந்து மாதிரி சுற்றும், கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தப் பந்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் கோபத்திலேயே கடிக்கும். "அது பாவம்னு அப்பத் தெரியல" என்றார். ராத்திரியில் விலாங்கும் உண்டு. அது கடலில் பிறந்து, கண்ணாடி நூல் மாதிரி குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிற பிறவி. ஈரச் சுவரில் ஒட்டி அணைக்கட்டையே ஏறிவிடும் என்கிறார் அத்தான்.

அந்தக் குட்டைகளை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கேதான், இல்லை இந்தப் பாறை, இல்லை அதற்குக் கீழே என்று அரைமணி நேரம் வெயிலில் அலைந்தார். வெள்ளம் மணலைக் கொண்டுவந்து ஒரு பக்கம் மேடாக்கி, இன்னொரு பக்கம் கரையையே தின்றிருக்கிறது. பாறைகள் சிலது இடம் மாறினவா, மூடிப்போனவா, தெரியவில்லை. தோளில் துண்டோடு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி தொலைச்சிய?" என்று கேட்டார். "ஒரு பாறை" என்றார் அத்தான். அவரும் கொஞ்ச நேரம் எங்களோடு சேர்ந்து தேடினார்.

பையன் பிளாஸ்டிக் தவளையை வீசி வீசி இழுத்தான். நிஜத் தவளை ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. விரால் வரவில்லை.

மதியம் அத்தை வீட்டில் சாப்பாடு. அத்தை என்றால் அத்தானின் அம்மா, சித்தப்பாவுக்கு அக்கா, எண்பது தாண்டிவிட்டது. தேங்காய் அரைத்த மீன்குழம்பு, முருங்கைக்காய் போட்டது, அவித்த முட்டை, அப்புறம் ஒரு கிண்ணத்தில் அயிரைக் குழம்பு. கிலோ என்ன விலை என்று நான் கேட்க, அத்தை சொன்ன விலையில் எனக்குப் புரையேறியது. ஆட்டுக்கறியைத் தாண்டிவிட்டது.

அயிரையைப் பார்த்ததும் அத்தை ஆரம்பித்தாள். "இதுக்கெல்லாம் எவம் தூண்டி போட்டான்? நானும் எங்க சேத்திக்காரியளும் வயலுக்குச் சோறு கொண்டு போயிட்டு வரும்போது வாய்க்கால்ல தாவணிய விரிச்சுப் புடிப்போம். ஒருத்தி மேல இருந்து காலால கலக்கிட்டு வரணும், ரெண்டு பேரு கீழ துணியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். ஒரு தூக்குல ஒரு வீட்டுக் கொழம்புக்கு ஆயிரும்." நாங்கள் இத்தனை நாளாகக் கம்பு, முள், தக்கை, தங்கூசி என்று பேசிக்கொண்டிருந்ததில் இந்த வீட்டுப் பெண்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்துச் சொன்னதுதான் விஷயம். "இவனுக்கு மொத மீனு நாந்தான புடிச்சுக் குடுத்தேன். படித்துறையாவது ஒண்ணாவது. அஞ்சு வயசுகூட இருக்காது, தெக்க நம்ம வயலுக்குப் போற வாய்க்காலு. தாவணிக்குள்ள ஒரு கெளுத்தி. பேசாம இருடான்னா கைய விட்டுப் புடிச்சுட்டான், முள்ளு குத்திருச்சு. வீடு வரைக்கும் அழுகை. இடுப்புல தூக்கிட்டு வந்தேன்."

சித்தப்பா, "அதெல்லாம் இல்ல, நீ வேற யாரையோ சொல்லுத" என்றார். அத்தை அவருடைய வலது கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே எதையோ தேடினாள். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "இருந்துச்சு" என்றாள். சித்தப்பா கையை இழுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

ஜனவரி 21, செவ்வாய். திரும்பவும் கல்லிடைக்குறிச்சி

இன்றைக்கு நேராகப் பாளையங்கோட்டை போய் ஓய்வு என்றுதான் பேச்சு. காலையில் சித்தப்பா, கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்காமல் போனால் சித்தி வீட்டுக்குள் விடமாட்டாள் என்றார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி அறுபது கிலோமீட்டர் இருக்கும். அப்பளம் பாளையங்கோட்டையிலேயே கிடைக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை, அத்தான் வண்டியைத் திருப்பினார்.

அப்பளம் வாங்கினோம், இரண்டு கட்டு. வாங்கின கையோடு, "அந்தத் தெக்குப் பக்கம் ஒரு நட போயிட்டு வருவோம்" என்றார். வயல் எப்போதோ விற்றுப்போனது, எனக்கு அது எங்கே என்றுகூடத் தெரியாது. அவருக்கும் சட்டென்று தெரியவில்லை. ஒரு பனங்காட்டைத் தாண்டி, ஒரு அரிசி ஆலையைத் தாண்டி, இரண்டு இடத்தில் கேட்டு, போய் நின்ற இடத்தில் மஞ்சள் பூசிய கல் நட்டு வரிசையாக மனை போட்டிருந்தது. நுழைவாயிலில் வளைவு, பலகை, நாலைந்து தென்னங்கன்று. வாய்க்கால் இருந்த தடத்தில் தார்ச்சாலை, ஒரு ஓரத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அதில் கொஞ்சம் ஆகாயத்தாமரை.

கார் நின்ற சத்தத்துக்கே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குடையோடு வந்துவிட்டார். "வாங்க சார், வாங்க. கார்னர் பிளாட் ரெண்டுதான் மிச்சம். செண்டு நாலு லட்சம், பெரியவரு கேக்கீய, பேசிக்கிடலாம்."

சித்தப்பா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்குத் தண்ணி நிக்குமே?"

"சொட்டுக்கூட நிக்காது சார். முழுக்க மேட்டு நெலம்."

"நிக்கும்வே. நான் இங்க மீன் புடிச்சிருக்கேன்."

வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அப்ப மூணே முக்கால்னு வச்சுக்கிடுவோமா?"